பன்னிரண்டு மணி நேரமும் ஒரு பிரதி மத்திமமும்

வாசகர் கேள்வி, ஒலிப்பதிவாளர் பதில்

2025 ஜூலை 22 அன்று ஆங்கில ராக் குழுவான பிளாக் சாபத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மறைந்த பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. எந்த ஒலிபெருக்கி வாங்கலாம், பழைய டேப் ரெக்கார்டரை யாரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது பிளாக் சாபத் பற்றிக் கேட்கிறார்கள். அதிலும் பலர் கேட்பது 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த முதல் ஆல்பத்தைப் பற்றி. குழுவின் பெயர் பிளாக் சாபத், ஆல்பத்தின் பெயர் பிளாக் சாபத், முதல் பாட்டின் பெயரும் பிளாக் சாபத் என்பதால், சில கடிதங்களில் எதைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது. இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான். ஒலிபெருக்கிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முழு ஆல்பத்தையும் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டார்கள் என்று படித்தேன். எங்கள் கல்லூரிக் குழு மூன்று மாதமாக ஒரே பாட்டில் நிற்கிறது. இது நம்பக்கூடிய செய்தியா, ஐயா?
– கல்லூரி மாணவர், கோவை

நம்பலாம். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் வேலை முடிந்தது. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். மொத்தச் செலவு சுமார் 600 பவுண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஓஸியைத் தனிக் கூண்டுக்குள் நிறுத்திவிட்டு, கித்தார் டோனி அயோமி, பேஸ் கித்தார் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட் ஆகிய மூவரும் வெளியே நின்று, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஆரம்பித்திருக்கிறார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு இரண்டாவது டேக்கே கிடையாது. கடைசியில் சில கித்தார் பகுதிகளையும் குரலையும் இரட்டித்துச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் சுவிட்சர்லாந்தில் 20 பவுண்டுக்கு ஒரு கச்சேரி இருந்தது; கிளம்பிப் போய்விட்டார்கள். ஒரு முழு நாள் கிடைத்ததையே தாராளம் என்று நினைத்ததாக அயோமி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் தம்பி, இந்தச் செய்தியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியையும் சொல்கிறேன், உங்கள் குழுவுக்குப் பயன்படும்.

அந்த நாளுக்கு முன்னால் ஒரு வருடத்துக்கும் மேலாக அவர்கள் மேடையிலேயே வாழ்ந்தார்கள். அப்போது குழுவின் பெயர் எர்த். பர்மிங்ஹாமில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஜிம் சிம்ப்சன் ஒரு மதுக்கடையின் மாடியில் நடத்திய புளூஸ் மன்றத்தில் வாசித்தார்கள். பிறகு அவரே அவர்களுக்கு மேலாளரானார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டார் கிளப் என்ற இடத்துக்குப் போனார்கள். பீட்டில்ஸ் வாசித்த அதே ஸ்டார் கிளப்தான். அங்கே ஒரு நாளைக்கு ஏழு முறைகூட மேடையேற வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். கையில் இருப்பதோ கொஞ்சம் பாட்டு. என்ன செய்வார்கள்? ஒரே பாட்டை நீட்டினார்கள், நடுவில் கித்தார் தனி, பிறகு டிரம்ஸ் தனி, பிறகு புதிதாக ஏதாவது ஒரு துண்டு. பார்வையாளர்களுக்குச் சலித்திருக்கலாம், குழுவுக்கு அதுதான் பள்ளிக்கூடம். மற்றவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பதுவரை ஒவ்வொருவருக்கும் தெரிந்துபோயிற்று.

இன்னொன்றும் நடந்தது. 1968 டிசம்பரில் அயோமி இவர்களை விட்டுவிட்டு ஜெத்ரோ டல் குழுவில் சேர்ந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தக் குழுவோடு தோன்றவும் செய்தார். சில வாரங்களில் மனம் ஒட்டாமல் பழைய நண்பர்களிடமே திரும்பிவிட்டார். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. அங்கே ஒத்திகை காலை ஒன்பது மணிக்கு ஓர் அலுவலகம் போல ஆரம்பிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். இங்கேயும் அதே சட்டம் போட்டார். ஓஸியைக் காலை ஒன்பது மணிக்கு எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியதைத்தான் நான் இந்த ஆல்பத்தின் பெரிய சாதனை என்பேன்.

ஆக, ஸ்டூடியோவில் அவர்கள் எதையும் உருவாக்கவில்லை. இரவு இரவாக வாசித்ததை இன்னொரு முறை வாசித்தார்கள், இந்த முறை எதிரில் மைக் இருந்தது. நீங்கள் மூன்று மாதமாகக் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கல்லூரி விழாவோ, நண்பர் வீட்டுத் திருமணமோ, நாலு பேர் எதிரில் அந்தப் பாட்டை வாசித்துவிட்டு வந்து பிறகு பதிவு செய்யுங்கள்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். நான்கு டிராக்கில் பதிவு செய்தார்கள் என்கிறார்கள். இன்று டிரம்ஸுக்கு மட்டுமே எட்டு மைக் வைக்கிறோம். நான்கில் எப்படி அடக்கினார்கள்?
– ஒலி அமைப்பாளர், சேலம்

நீங்கள் தொழில்காரர், உங்களிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. மைக் எத்தனையும் வைக்கலாம். நாடாவில் தடம் நான்குதான் என்றால், டிரம்ஸின் எல்லா மைக்குகளையும் கன்சோலில் கலந்து ஒரே தடத்தில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிய பிறகு ‘தாளத்தட்டு கொஞ்சம் அதிகம்’ என்று சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும், காது அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோடம்பாக்கத்திலும் முழு வாத்தியக் குழுவையும் பாடகரையும் ஒன்றாக வைத்துப் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. எங்கோ மூலையில் ஒரு வயலின் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தப் பயம் வாசிப்பவர்களின் முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கும்.

இந்த ஆல்பத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அறைக்குள் ஒலிகள் ஒன்றிலொன்று கசிவது. கித்தார் பெட்டியின் ஒலி டிரம்ஸ் மைக்கிலும் கொஞ்சம் விழும். இன்று அதைக் குறை என்போம். இங்கே அதனால்தான் மூவரும் ஒரே இடத்தில் நின்று வாசிப்பது காதுக்குத் தெரிகிறது. ‘தி விசர்ட்’ பாட்டைப் போட்டு வார்ட் செய்வதைக் கேளுங்கள். ஓஸியின் மௌத் ஆர்கன் முடிகிற ஒவ்வோர் இடத்திலும் டிரம்ஸ் உள்ளே புகுந்து இடைவெளியை நிரப்புகிறது. அடுத்த வரி தொடங்குவதற்குக் கண்ணிமை நேரம் முன்பு விலகிக்கொள்கிறது. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டியிருந்தால் இது வந்திருக்காது. வார்ட் ஜாஸ் டிரம்ஸ் மேதைகளான ஜீன் க்ரூபாவையும் பட்டி ரிச்சையும் கேட்டு வளர்ந்தவர், உள்ளுக்குள் ஜாஸ்காரர். பின்னால் வந்த ஆயிரம் ஹெவி மெட்டல் குழுக்கள் அயோமியை நகலெடுத்தன. வார்டை நகலெடுக்க முடியாமல் விட்டுவிட்டன.

ஆரம்பத்தில் வரும் மழை, இடி, கோயில் மணி ஆகியவை குழுவின் வேலை அல்ல. பதிவுக்குப் பிறகு தயாரிப்புத் தரப்பில் சேர்த்தவை. மிக்ஸிங்கில் குழுவுக்குப் பங்கு இல்லை. அப்படி மேலிருந்து சேர்க்கப்பட்டவற்றில் உருப்படியானது அந்த மழை ஒன்றுதான் என்பது என் எண்ணம். அரை நிமிடத்துக்கும் மேல் மழையையும் தூரத்து மணியையும் மட்டும் கேட்கவைத்துவிட்டு, முன்னறிவிப்பே இல்லாமல் மூன்று வாத்தியங்களையும் மேலே போடுகிறார்கள். முதன்முறை கேட்பவர் ஒலியளவைக் கூட்டி வைத்திருந்தால் தொலைந்தார்.

மேல்நாட்டார் பிசாசின் இடைவெளி என்று அஞ்சிய சுரங்களைத்தான் முதல் பாட்டில் வாசிக்கிறார்கள் என்று என் மாணவி சொன்னாள். கேட்டுப் பார்த்தேன், அது ஷட்ஜமும் பிரதி மத்திமமும்தானே? தினமும் கல்யாணி பாடுகிற எனக்கு அந்தப் பாட்டில் மட்டும் ஏன் உடம்பு சிலிர்த்தது?
– பாட்டு ஆசிரியை, தஞ்சாவூர்

அம்மா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது.

நீங்கள் கேட்டது சரி. ஜி சுரத்தை ஷட்ஜமாக, அதாவது ‘ச’வாக வைத்துக்கொண்டால், அந்தத் துண்டில் வருவது மூன்றே ஒலிகள்: ஆதார ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம், அதாவது இரண்டு ‘ம’க்களில் உயர்ந்தது. மேல்நாட்டுக் கணக்கில் ஜியிலிருந்து சி ஷார்ப். பழைய ஐரோப்பிய இசை இலக்கணக்காரர்கள் இந்த இடைவெளியைத் தவிர்க்கச் சொன்னார்கள். பிசாசு என்ற பட்டப்பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது. தேவாலயம் இதைத் தடை செய்து வாசித்தவர்களைத் தண்டித்தது என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் கிடையாது. உங்கள் மாணவி அப்படிச் சொன்னால் திருத்திவிடுங்கள்.

நமக்கோ தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் பின்பாதி 36-ம் பிரதி மத்திமம்தான். 65-ஆவது கல்யாணியைப் பாடிக் குழந்தையைத் தூங்க வைக்கிறோம். ஆகவே சுரத்தில் பிசாசு இல்லை. அயோமி அதை எப்படி நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். கல்யாணியில் பிரதி மத்திமத்துக்குச் சுற்றிலும் உறவுகள் உண்டு: கீழே காந்தாரம், மேலே பஞ்சமம், பின்னால் தம்பூரா. இங்கே காந்தாரம் இல்லை, ரிஷபம் இல்லை, சுருதி போடுவாரும் இல்லை. காலப்பிரமாணமோ நகர்கிறதா நிற்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு விளம்பம். அதோடு அந்த மூன்றாவது சுரத்தை அவர் நேராகப் பிடிப்பதில்லை. விரலால் அடுத்த அரைச் சுரத்தைத் தட்டித் தட்டி நடுங்கவைக்கிறார். அந்த அடுத்த அரைச் சுரம் எது? பஞ்சமம். தொடுகிறார், திரும்புகிறார், தொடுகிறார், திரும்புகிறார், நிற்பதே இல்லை. உங்கள் காது பஞ்சமத்தில் உட்காரத் துடிக்கிறது, அவர் உட்கார விடுவதில்லை. பாட்டின் கடைசிப் பகுதியில் தாளம் குதிரைப் பாய்ச்சலாக மாறும் வரைக்கும் இந்தக் கொடுமை தொடர்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். தம்பூராவைப் பஞ்சமத்தோடு மீட்டிக்கொண்டு, அதன் மேல் இந்த மூன்று சுரங்களையும் அதே விளம்பத்தில் பாடிப் பாருங்கள். பயம் பாதியாகக் குறையும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு பட்லர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் கோள்களைப் பற்றி எழுதிய இசைத்தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதியை அவர் பேஸ் கித்தாரில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்; மறுநாள் அயோமி இதோடு வந்தாராம்.

டோனி அயோமிக்கு விரல் போனதால்தான் தந்தியைத் தளர்த்தி வாசித்தார், அதனால்தான் முதல் ஆல்பம் அவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்று என் கித்தார் ஆசிரியர் சொல்கிறார். சரிதானா?
– பிளஸ் டூ மாணவி, திருச்சி

விரல் கதை உண்மை. அவருக்கு 17 வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் அன்றுதான் கடைசி நாள். இசைக்குழுவோடு கிளம்புவதற்காக வேலையை விடுகிறார். தகட்டை வளைக்கும் எந்திரத்தில் வேலை செய்பவர் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். எந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துகிற கை அதுதான். மருத்துவர்கள் கித்தாரை மறந்துவிடச் சொன்னார்கள். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தார். தீயில் கருகி இரண்டு விரல்கள் செயலற்றுப் போன பிறகும் ஜாஸ் உலகை ஆண்ட ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வாசிப்பு அது. பிறகு அயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கேற்ற தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தந்தி உறுத்தக்கூடாது என்று பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கித்தாரில் மாட்டினார்.

தந்தியைத் தளர்த்திய கதை இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. இதில் சுருதி வழக்கமான சுருதிதான். தளர்த்திக் கீழே இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். இங்கே கனம் வருவதற்கு வேறு காரணங்கள்: ஒலிப்பெருக்கிப் பெட்டியை மிரட்டுகிற ஒலியளவு, கித்தாரும் பேஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பது, மேலே நான் சொன்ன விளம்பம். உங்கள் ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு தகவல், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அயோமி ஸ்டூடியோவுக்குள் போனது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கித்தாரோடு. ‘விக்கெட் வேர்ல்ட்’ என்ற ஒரு பாட்டைப் பதிவு செய்து முடித்ததும் அதன் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம், செத்துப்போனது. பழுதுபார்க்க நேரம் ஏது? மாற்றுக்கு வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்து மிச்சத்தை வாசித்தார். இன்று எஸ்.ஜி. இல்லாத அயோமியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

என் மகன் இந்த ஆல்பத்தைக் கேட்கிறான். உறைக்குள் தலைகீழ்ச் சிலுவை இருக்கிறது. நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். இது சாத்தான் வழிபாடா? நேராகச் சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, நாகர்கோவில்

இல்லை, அம்மா. பாட்டு எழுதிய பட்லர் உங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். இளவயதில் மாந்திரீகப் புத்தகங்களில் ஆர்வம் வந்து, அறைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, ஓஸி கொடுத்த பழைய புத்தகம் ஒன்றை வைத்துப் படித்திருக்கிறார். ஓர் இரவு கட்டிலின் கால்மாட்டில் ஒரு கறுப்பு உருவம் நிற்பதைக் கண்டதாகவும், எழுந்து பார்த்தபோது புத்தகத்தைக் காணவில்லை என்றும் சொல்கிறார். நடந்ததோ கனவோ, ஆள் பயந்துபோய் அந்த விளையாட்டையே விட்டுவிட்டார். முதல் பாட்டு அந்தப் பயத்தைத்தான் பாடுகிறது. அதில் வரும் மனிதன் கறுப்பு உருவத்தைக் கண்டு கடவுளே காப்பாற்று என்று கதறுகிறான். வழிபடுகிறவன் இப்படியா அலறுவான்? ‘என்.ஐ.பி.’ என்ற பாட்டில் சாத்தான் பேசுகிறான், உண்மைதான். ஒரு பெண்ணைக் காதலித்துத் திருந்துகிறான். நம் ஊர் சினிமாவில் வருகிற ரவுடி போல.

தலைகீழ்ச் சிலுவை இசைத்தட்டு நிறுவனத்தின் கைங்கரியம். குழுவைக் கேட்கவே இல்லை. வெளியிட்ட நாளும் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. வியாபாரம் எப்படி யோசிக்கிறது பாருங்கள். குழுவினர் கழுத்தில் போட்டிருந்ததோ நேரான சிலுவை; ஓஸியின் தந்தை தம் தொழிற்சாலையில் அலுமினியத்தில் செய்து கொடுத்தது.

பெயர் வந்த வழியும் இதே மாதிரிதான். எர்த் என்ற பெயரில் இன்னொரு குழு இருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. மரியோ பாவா இயக்கி, போரிஸ் கார்லாஃப் நடித்த 1963-ஆம் ஆண்டுத் திகில் படத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். காசு கொடுத்துப் பயப்பட ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்களே, நாமும் பயமுறுத்துகிற இசை செய்தால் என்ன என்று தோன்றியதாம். மகன் கேட்கட்டும். ஒலியளவை மட்டும் கண்காணியுங்கள், செவிப்பறை ஒரு தடவைதான் தருவார்கள்.

அட்டைப்படத்தில் நிற்கும் கறுப்பு அங்கிப் பெண் பேயா, படப்பிடிப்பில் இல்லாத உருவம் பிறகு தோன்றியதா?
– வாசகர், ஈரோடு

பேய் இல்லை, மாடல். இடம் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் கரையில் உள்ள மேப்பிள்டர்ஹாம் நீர் ஆலை. படம் எடுத்தவர் கீஃப் என்று கையெழுத்திட்ட கீத் மேக்மில்லன். அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால் இலைகளும் வானமும் அந்த விபரீத நிறத்துக்குப் போயின. அதிகாலைக் குளிரில் நின்ற பெண்ணைப் பார்த்து ஊரே பயந்துகொண்டிருக்கிறது, பாவம்.

ஓஸிக்குப் பாடத் தெரியுமா, தெரியாதா?
– வாசகர், விழுப்புரம்

இந்த ஆல்பத்துக்குத் தேவையான அளவுக்குத் தெரியும். பெரும்பாலும் கித்தார் போகும் வழியிலேயே குரலும் போகிறது. நன்றாகப் பாடத் தெரிந்தவர் சும்மா இருந்திருக்க மாட்டார், ஏதாவது சங்கதி போட்டுக் கெடுத்திருப்பார்.

இன்று கொண்டாடப்படும் இந்த ஆல்பத்தை அன்றைய விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள் என்கிறார்கள். அவர்களுக்குக் காது இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை

காது இருந்தது. வேறு பக்கம் திரும்பியிருந்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் 1970 செப்டம்பரில் லெஸ்டர் பாங்ஸ் எழுதினார்: புளூஸைச் சத்தமாக வாசித்த க்ரீம் என்ற ஆங்கிலக் குழுவைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம். நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் சி மைனஸ் மதிப்பெண் போட்டார். பள்ளிக்கூடக் கணக்கில் மயிரிழையில் தேர்ச்சி. முன்னோட்டமாக வந்த தனிப் பாட்டு ‘ஈவில் உமன்’ விற்பனைப் பட்டியலிலேயே ஏறவில்லை. ஆனால் ஆல்பம் பிரிட்டனில் 8-ஆம் இடத்துக்குப் போனது. ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்து, பில்போர்டு பட்டியலில் 23-ஆம் இடம் வரை ஏறி, ஒரு வருடத்துக்கும் மேல் அந்தப் பட்டியலிலேயே குடியிருந்தது. அங்கே பத்து லட்சம் பிரதிகள் விற்றன. வாங்கியது யார்? ஊர் ஊராக இவர்கள் கச்சேரியைப் பார்த்தவர்கள், அவர்களின் தம்பிகள், தம்பிகளின் வகுப்புத் தோழர்கள்.

விமர்சகர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1970-இல் புளூஸைச் சத்தமாக வாசிக்கும் ஆங்கிலேய இளைஞர் குழுக்கள் தெருவுக்கு ஒன்று. இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும் ‘வார்னிங்’ என்பது எயின்ஸ்லி டன்பர் குழுவின் பாட்டு. அதன் நடுவில் அயோமி பல நிமிடங்கள் தனியாக அலைகிறார். ஸ்டூடியோவில் வாசித்தது இன்னும் நீளமாம், வெட்டிச் சுருக்கியதாம். வெட்டியது போதாது என்பேன். அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டால் க்ரீம் நினைவுக்கு வருவது இயல்பு. ஹாம்பர்க்கில் நேரத்தை ஓட்டுவதற்குக் கற்றுக்கொண்ட பழக்கம் அப்படியே இசைத்தட்டில் ஏறிவிட்டது. ஒரே நாளில் பதிவு செய்வதில் அந்த ஆபத்தும் இருக்கிறது.

அவர்கள் தவறவிட்டது முதல் பக்கத்தை. உறையைப் பார்த்தார்கள், சிலுவையைப் பார்த்தார்கள், 13-ஆம் தேதியைப் பார்த்தார்கள். மந்திரவாதி வேஷம் போட்ட கடை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் ஊசியை வைத்திருக்கிறார்கள். முதல் பாட்டில் மூன்றே சுரத்தை வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் நடப்பது புளூஸே அல்ல, அதுவரை ராக் இசையில் அப்படி ஒன்று இருந்ததில்லை என்பது அவர்கள் காதில் விழவில்லை. இன்னொன்றும் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். அன்றைய பத்திரிகைக்காரர்கள் பூவும் அமைதியும் பேசிய தலைமுறை. இந்த நால்வரோ பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஓஸி கசாப்புக்கூடத்தில் வேலை செய்தவர், திருட்டு வழக்கில் அபராதம் கட்டக் காசில்லாமல் சிறைக்குப் போய் வந்தவர். தலையில் பூ வைத்துக்கொள்ள அவர்கள் ஊரில் பூ பூக்கவில்லை. தொழிற்சாலைச் சம்மட்டிச் சத்தம்தான் இவர்கள் இசையானது என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதே சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த மற்ற பர்மிங்ஹாம்வாசிகள் ஏன் இப்படி வாசிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

பாங்ஸ் நேர்மையானவர். 1972-இல் க்ரீம் என்ற பெயரிலேயே நடந்த பத்திரிகையில் இதே குழுவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார், இந்த முறை பரிவோடு. மற்றவர்கள் வருவதற்கு இன்னும் பல வருடங்கள் ஆயிற்று. குழு அதற்காகக் காத்திருக்கவில்லை. பாங்ஸின் முதல் விமர்சனம் அச்சேறிய அதே 1970 செப்டம்பரில், அதே ராட்ஜர் பெய்ன் தயாரிப்பில் இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் வெளிவந்து முதலிடத்துக்குப் போய்விட்டது.

மாமா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளில் இது இருக்கிறது. ஆனால் ‘ஈவில் உமன்’ இல்லை, அந்த இடத்தில் ‘விக்கெட் வேர்ல்ட்’ இருக்கிறது. உறையில் நான் கேள்விப்படாத பாட்டுப் பெயர்களும் இருக்கின்றன. போலியா? எவ்வளவுக்கு விற்கலாம்?
– வங்கி ஊழியர், புதுச்சேரி

போலி இல்லை, அமெரிக்கப் பதிப்பு. ‘ஈவில் உமன்’ மின்னியாபொலிஸைச் சேர்ந்த க்ரோ என்ற குழுவின் பாட்டு. தனிப் பாட்டாக வெளியிட ஜனரஞ்சகமாக ஒன்று வேண்டும் என்று இவர்கள் தலையில் கட்டப்பட்டது. அமெரிக்காவில் வார்னர் நிறுவனம் அதை நீக்கிவிட்டு, பிரிட்டனில் தனித்தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘விக்கெட் வேர்ல்ட்’ பாட்டைப் போட்டது. அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒலிக்கும் ஒரே பாட்டு அதுதான் என்பதால் உங்களுக்கு லாபம். ‘வாஸ்ப்’, ‘பேசிக்கலி’, ‘எ பிட் ஆஃப் ஃபிங்கர்’ என்றெல்லாம் உறையில் இருந்தால் திகைக்க வேண்டாம். பாட்டுகளுக்கு முன்னால் வரும் வாத்தியத் துண்டுகளுக்கு அமெரிக்காவில் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். சேகரிப்பாளர்கள் துரத்துவது, நடு லேபிளில் கறுப்பு வெள்ளைச் சுழல் அச்சிட்ட, பிரிட்டனில் வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட முதல் பதிப்பை. உங்களுடையது அது இல்லை, ஆகவே விலைக்காக அலைய வேண்டாம், வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்பதற்கு முன், லேபிள் நனையாமல் சுத்திகரித்த தண்ணீரில் மென்மையான துணியை நனைத்து, வரிகள் போகும் திசையிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். மாமாவின் பிளேயரில் இருக்கும் பழைய ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். தேய்ந்த ஊசியோடு ஓட்டினால் முதலில் போவது அந்த மழைச் சத்தம்தான்.